தட்டிப் பார்த்து வாங்கிய சைக்கிள்

டிக்டிக்டிக்டிக்டிக்.

சமையலறை ஜன்னலுக்குக் கீழே யாரோ மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சைக்கிளைத் தானாக உருள விடுகிறார்கள். காலுக்கு வேலையில்லாத அந்த நேரத்தில்தான் பின்சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்புக்கு வாய் வரும். காய்கறி வண்டி, பால்காரர், எதிர்வீட்டு மிக்ஸி என்று மாட்டுங்காவின் காலையில் ஆயிரம் சத்தம். இந்த ஒன்று மட்டும் என் பெயருக்கு விலாசம் எழுதி வந்த தபால் மாதிரி நேராக என்னிடம் வருகிறது. தோசையைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டேன். "உக்காருங்கோ, அது நம்ம சைக்கிள் இல்லே," என்கிறாள் மனைவி. தெரியும். என் ஹப்பின் குரல் இன்னும் கொஞ்சம் கரகரப்பு.

போன மே மாதம். என் தங்கைக்குத் தெற்கே கடலோர ஊர் ஒன்றுக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. அணுசக்தி நகரில் பதினெட்டு வருஷம் குடியிருந்த இன்ஜினியர். வாரம் ஆறு நாளும் ஆபீஸ் பஸ்ஸில் சாதுவாகப் போய்வருவாள். ஞாயிறு விடிந்தால் மலைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கழிக்கு அப்பாலுள்ள குன்றுக்குப் போய்விடுவாள், கல்லும் சரளையும் தெறிக்க. அவள் கழித்துக்கட்டிய பழைய வண்டியில், புகையிரதம்போல் ஊதிக்கொண்டு பின்னால் போகிறவன் நான். உச்சியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பாள். நான் போய்ச் சேரும்போது தோல் மட்டும் மிஞ்சியிருக்கும்.

"மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கிளம்பறேன்," என்றாள். "அன்னிக்குக் காலம்பற ஒரு தடவை சேர்ந்து ஏறிடலாம். ஆனா உன் சொந்தச் சைக்கிள்லயாக்கும். என்னோட ஓட்டை வண்டியில வந்தா அது என் பின்னாடி வந்தது. சேர்ந்து வந்ததுன்னு நான் ஒத்துக்க மாட்டேன், கேட்டியா?"

"கடையில ரெடிமேடா ஒண்ணு வாங்கிடட்டுமா?"

"உனக்கா? கை நீளம், கால் குட்டை. சட்டையே தைச்சுத்தானே போட்டுக்கறே."

அப்படித்தான், நாற்பத்தொன்பது வயதில், பாகம் பாகமாகப் பொறுக்கி ஒரு சைக்கிளைச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. கையில் நாலு வாரம். தங்கை ஒரு தாளில் வரிசை எழுதிக் கொடுத்தாள். முதலில் என் உடல் அளவு. பிறகு டயர், பிரேக். ஒவ்வொரு பாகமும் பக்கத்துப் பாகத்தோடு சேருமா என்று பார்த்து எழுத ஒரு கட்டம். நிறம், கடைசி வரி. நான் கடைசி வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

நாவல்பழத்தை வாயில் போட்டு ஐந்து நிமிஷம் கழித்து நாக்கை நீட்டினால் தெரியுமே, அந்த நிறத்தில் ஓர் இரும்பு ஃபிரேம் கிடைத்தது. அதன் மெல்லிய குழாய்களைப் பார்த்துக்கொண்டே ஒரு முழு ஆபீஸ் மத்தியானத்தைத் தொலைத்தேன். மேசைக்கு மேலே கோப்பு, மேசைக்குக் கீழே போனில் ஹேண்டில்பார்கள். அகலமானவை, வளைந்தவை, மாட்டுக்கொம்பு மாதிரி நிமிர்ந்தவை. இத்தனை வகையாக ஒரு மனிதன் கையை வைத்துக்கொள்ள முடியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. கூரியர் பெட்டிகள் வர வர, காவலாளி கீழேயிருந்து, "சாப், ஔர் ஏக்!" என்று, இன்னும் ஒன்று வந்துவிட்டதாகக் கத்துவார். துணி காயும் கம்பியில் சங்கிலி தொங்கியது. சாப்பாட்டு மேசையில் இரண்டு டயர்கள் கால்மேல் கால் போட்டுப் படுத்திருந்தன.

"அதுகள் மேஜையில, நாம தரையில," என்றாள் மனைவி, ரசத்தை ஊற்றிக்கொண்டே. "விருந்தாளி எப்போ கிளம்பும்?"

எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாத்திரம் வாங்குவது காதால். குடமோ வாணலியோ, அம்மா விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவாள். கீறல் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும், கடைக்காரர் எத்தனை சத்தியம் செய்தாலும். அந்த விரல்முட்டி எனக்கும் வந்திருக்கிறது. ஹப்பை அப்படித்தான் எடுத்தேன். கடையில் ஏழெட்டைக் காதருகே பிடித்துச் சுற்றிவிட்டு, சில்வண்டுக்குத் தொண்டை கட்டியதுபோல் கத்திய ஒன்றை. முன்சக்கரத்தைப் பிடித்து நிற்கும் ஃபோர்க்கும் அப்படியே. காட்கோபரில் ஒருவர் தன் பழைய சைக்கிளைப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார். தட்டினேன். கோயில் மணிக்குத் தம்பிபோல் ஒலித்தது. அமுக்கினேன். பூனை முதுகாக இறங்கி எழுந்தது. அளவு கேட்கவில்லை. அளவு என்று ஒன்று இருக்கிறது என்றே அந்தக் கணத்தில் நினைவில்லை.

கடைசி வெள்ளிக்கிழமை மாலை எல்லாவற்றையும் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். பாதி வீடு அட்டைப்பெட்டியாகியிருந்தது. நடுக்கூடத்தில் ஃபிரேமைப் பிடித்துக்கொண்டு, ஃபோர்க்கின் கழுத்தை உள்ளே நுழைத்தாள். நுழைந்தது. அண்டாவில் விட்ட கரண்டிபோல் ஆடியது.

ஃபிரேம் புதிது. ஃபோர்க்கின் கழுத்து நுழையும் அதன் தலைக்குழாய் கீழ்ப்பக்கம் அகன்றிருந்தது. ஃபோர்க் பழைய மாதிரி. கழுத்து மேலும் கீழும் ஒரே பருமன். ஃபோர்க்கின் கழுத்துக்கும் ஃபிரேமின் கீழ் பேரிங்குக்கும் நடுவே விரல் நுனி தடிமனுக்கு வெறும் காற்று.

"எப்படி வாங்கினே இதை?"

"தட்டிப் பார்த்து."

"குடம் வாங்கறாப்பலயா?" தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பெட்டிகளெல்லாம் அதிர்ந்தன. பிறகு போனை எடுத்துத் தேடினாள். அந்த இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் உண்டாம். வரவழைக்கப் பத்து நாளாகுமாம். சிரிப்பு நின்றது. அவளுக்கு மிச்சமிருந்தது இரண்டு நாள்.

"பழைய வண்டியிலயே வாயேன்," என்றாள். அவள் அப்படி இறங்கி வந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்றிரவே இரண்டையும் வீட்டுக்குத் தூக்கி வந்து, மறுநாள் காலை, ஃபிரேம் தோளில், ஃபோர்க் கையில், தாராவிக்கு நடந்தேன். தோல் தைக்கும் மெஷின்களுக்கு உதிரி கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை அங்கே ஒன்று உண்டு. நடத்துகிறவர் திருநெல்வேலிப் பக்கத்து பாய், என் வயதுதான் இருக்கும். எங்கள் வீட்டு கிரைண்டருக்கு ஒருமுறை தண்டு செய்து தந்தவர். எண்ணெயும் சூடான இரும்பும் கலந்த வாசனைக்குள் தலையை நுழைத்தேன்.

"வாங்க அண்ணாச்சி. கிரைண்டரு நல்லா ஓடுதா? இது என்னது, கொக்குக் கழுத்து மாதிரி நீட்டிக்கிட்டு?"

சொன்னேன். தங்கை அனுப்பியிருந்த அளவுகளைப் போனில் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நம்பரு வேண்டாம். நம்பரு ஆயிரம் சொல்லும். சோடியக் கொண்டாங்க. எது எதுல உக்காரணுமோ, ரெண்டையும் எங்கையில தந்தாத்தான் லேத்த ஓட்டுவேன். தைக்கையில ஊசி ஆடுனா தோலு கெட்டுப்போவும். இது ஆடுனா நீங்க கெட்டுப்போவிய."

ஜோடியில் ஒன்றான பேரிங் அணுசக்தி நகரில், ஏதோ ஒரு பெட்டியின் அடியில். தங்கைக்குப் போன் செய்தேன். கட்டி ஒட்டிய பெட்டிகளில் எதை எதைக் கிழித்தாளோ, ஒரு மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் டிபன் டப்பா. அதற்குள் இட்லி இல்லை, துணியில் சுற்றிய பேரிங்.

பாய் அதை வாங்கிச் சுற்றிப் பார்த்தார். "இது சரி," என்று தங்கையைப் பார்த்தே சொன்னார். அதற்கப்புறம் அங்கே நான் தேவைப்படவில்லை. மில்லிமீட்டரை நூறாக வெட்டி அதில் எத்தனை துண்டு விடலாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் சம்பந்திகள்கூட அத்தனை மரியாதையாகப் பேரம் பேசி நான் பார்த்ததில்லை. எனக்கு அரை கிளாஸ் கட்டிங் சாய் வந்தது. நீல நிறமாகச் சுருண்டு விழும் இரும்புச் சுருளைப் பார்த்துக்கொண்டு குடித்தேன்.

மோதிரம் மாதிரி ஒரு வளையம் பிறந்தது. அதை ஃபோர்க்கின் கழுத்தில் மாட்டி, மேலே ஒரு குழாயைக் கவிழ்த்து, பாய் சுத்தியலால் அடித்தார். தப். தப். தப். வளையம் மயிரிழை மயிரிழையாக இறங்கியது.

"போதுமா?" என்றாள் தங்கை, குனிந்து பார்த்தபடி. "அடி வரைக்கும் போயிட்ட மாதிரிதான் இருக்கு."

"இல்லை," என்றேன், டீ கிளாஸை வைத்துவிட்டு. "இன்னும் மொட்டைச் சத்தமா இருக்கு."

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்னொரு அடி. தப். இன்னொன்று.

ணங்.

"உக்காந்துடுத்து!" என்று நான் கத்தியதும், "உக்காந்துட்டு!" என்று அவர் சொன்னதும் ஒரே நேரத்தில். "அண்ணாச்சிக்கு நல்ல காது. கண்ணுக்குத் தெரியாது பாத்துக்கிடுங்க. அடியில போயி இரும்போட இரும்பு சேந்தாத்தான் இந்தச் சத்தம் வரும்." தங்கை என் டீ மிச்சத்தை எடுத்துக் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குன்றில் வெயில் இன்னும் இளசாக இருந்தது. ஏற்றத்தில் வழக்கம்போல் அவள் முன்னால், நான் பின்னால். ஒரு வருஷச் சோற்றையும் ஒரே மூச்சில் செரித்துக்கொண்டு ஏறினேன். உச்சியில் அவள் பொட்டலத்தை அப்போதுதான் பிரித்துக்கொண்டிருந்தாள். இந்த வேர்க்கடலைக்கு இவ்வளவு உப்பு போடுவார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இறக்கத்தில் கால்களை நிறுத்தினேன். ஹப் வாயைத் திறந்தது. சரளை, புல், ஒரு மைனா, நாவல்பழ நிறத்தில் ஓர் இரும்பு, அதன்மேல் நான். கை இருக்க வேண்டிய இடத்தில் கை, கால் இருக்க வேண்டிய இடத்தில் கால். முன்னால் போனவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எப்போதும் வளைவுக்கு வளைவு திரும்பிப் பார்ப்பவள்.

மாலையில் அவள் சைக்கிளும் பெட்டிகளும் லாரியில் போயின. குடியிருப்பின் வாசலில் டாக்ஸி நின்றது. நான் என் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்சக்கரத்தைத் தூக்கிச் சும்மா ஒரு சுற்று விட்டேன். டிக்டிக்டிக்டிக். காவலாளிகூடத் திரும்பிப் பார்த்தார்.

தங்கை கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியை இறக்கினாள். "அந்த ஹப்புல நிறைய கிரீஸ் போடு, வாயை மூடிண்டுடும்," என்றாள். வண்டி நகர ஆரம்பித்தது. தலையை வெளியே நீட்டினாள்.

"அண்ணா, வேண்டாம், போடாதே! அது கத்தினாத்தான் நீ பின்னாடி வரேன்னு எனக்குத் தெரியும்!"