நல்ல நேரத்தில் கிளம்பிய பை

சனிக்கிழமை காலை அலுவலகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது செல்வராணி அக்காவின் கணவர் போனில் அழைத்தார். "அவ போயிட்டாம்மா. நெஞ்சு வலிக்குன்னா, அவ்வளவுதான்." "சரிண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றுவரை தோன்றவில்லை.

சங்கரன்கோவிலில் விசைத்தறிகள் இரையும் தெருவில், ஒரு மாடி அறையில் நானும் அக்காவும் வேலை பார்த்தோம். சுற்றுக் கிராமங்களின் கர்ப்பிணிகளுக்குப் பிரசவம் வரை போன் வழியாகத் துணையிருப்பதுதான் வேலை. "நான் டாக்டர் இல்லட்டி. கூட இருக்க ஆளு" என்று முதல் அழைப்பிலேயே அக்கா சொல்லிவிடுவார். தறிச் சத்தம் கூடினால் மேஜைக்கடியில் தலையை விட்டுக்கொண்டு பேசுவார். சிரித்தால் முறைப்பார்.

மாதம் நெருங்கியதும், ஆஸ்பத்திரிக்கு வேண்டிய துணிமணியைப் பையில் எடுத்து, நல்ல நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் வைக்கச் சொல்வார். பயணத்துக்குப் பரஸ்தானம் வைப்பார்களே, அதுதான்; பை நல்ல நேரத்தில் வாசல் தாண்டிவிட்டால் அப்போதே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. இந்தக் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று எனக்கு எரிச்சல். "நீ சும்மா இரு" என்பார்.

குருவிகுளம் பக்கத்திலிருந்து பேச்சியம்மாள் ஒரு மதியம் அழைத்தாள். தலைப்பிரசவம். காலையிலிருந்து வயிற்றில் பிள்ளை அசையவில்லை. "ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புட்டி" என்றார் அக்கா. அவள் அம்மா போனை வாங்கினாள்.

"ராகு காலம் நடக்கு தாயி. முடியட்டும், கூட்டிட்டுப் போறேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அக்கா குரலை உயர்த்தவில்லை.

"மதினி, பை எங்க இருக்கு?"

"நீங்க சொன்ன மாதிரி பக்கத்து வீட்லதான். திங்கக்கெழம நல்ல நேரத்துல வச்சோம்."

"அப்ப அன்னைக்கே கெளம்பியாச்சுல்லா? இப்ப பாதி வழில நிக்கீக. நின்னா எப்படி?"

மறுமுனையில் "ஏலே, வண்டியக் கூப்பிடுலே" என்று மகனை விரட்டும் சத்தம் கேட்டது. ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். அந்த அம்மா போனைப் பிள்ளையின் வாயருகே பிடித்தாள். அழுகையைக் கேட்ட பிறகுதான் அக்கா எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.

அடக்கத்தன்று பேச்சியம்மாள் வந்தாள். கைப்பிள்ளையோடு துட்டி வீட்டுக்கு வரக்கூடாது என்பதால், பிள்ளையைத் தெருமுனையில் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். கூடியிருந்த பெண்களைப் பார்த்து, "செல்வராணி அக்கா..." என்று இழுத்தாள். நான் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினேன்.

"இவுகளா?" என்றாள். அதற்கு முன் அவள் அக்காவைப் பார்த்ததே இல்லை. பெட்டியருகே உட்கார்ந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இப்போது அழைப்புகளை நான்தான் எடுக்கிறேன். கோபப்படாமல் பேசும் அக்காவின் பழக்கத்தை வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். இன்னும் சரியாக வரவில்லை. நேற்று கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸில் ஏறிப் போய், புதிதாகச் சேர்ந்த கர்ப்பிணிப் பெண்ணிடம் என் முகத்தைக் காட்டிவிட்டு வந்தேன்.