கறுப்பு வயர்

என் அண்ணிக்குக் கிட்டாரில் ஒரு சுரம்கூட வாசிக்கத் தெரியாது. மருத்துவமனையில் எலெக்ட்ரீஷியன். கட்டிலுக்குக் கட்டில் அழைப்பு மணி அடிக்கிறதென்றால் அது அவர் கைவேலை. எங்கள் வீட்டு மிக்ஸி முதல் என் சார்ஜர் வரை அவர் கைபடாமல் பிழைத்தது எதுவுமில்லை. நான் பல்பு மாற்றவே நாலு நாள் யோசிக்கிற ஆள். அந்தக் கைகளைப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருக்கும்.

போன வருஷம் தச்சுப் பட்டறையில் ரம்பம் அண்ணனின் இடது கை விரல் இரண்டைப் பதம் பார்த்தது. காயம் ஆறியது, பலம் திரும்பவில்லை. அவனுடைய எலெக்ட்ரிக் கிட்டார் பீரோ மேல் ஏறியது. வேலை முடிந்து வந்தால் அதோடு உட்காருகிறவன், சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். கடைசியில், "பட்டறை பெயிண்டருக்குக் குடுத்துடறேன். ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்குவாரு," என்றான்.

மறுநாளே அண்ணி கிட்டாரைச் சாப்பாட்டு மேஜைக்கு இறக்கிவிட்டார். ஒரு வாரம் நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். மெல்லிசான கம்பிகள் மாட்டினார். அவை கழுத்துப் பலகையை ஒட்டி நிற்கும்படி அரை அரைத் திருகாக இறக்கினார். லேசாகத் தொட்டாலே அழுந்தின. கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் இரண்டில் ஒன்று செத்திருந்தது. புதிது வாங்கிப் பற்றவைத்தார். அண்ணன் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"யாருக்கோ குடுக்கப்போறதுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா அண்ணி?"

"குடுக்கறதா இருந்தா தூசி தொடைச்சதோட விட்டிருப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை மாலை கிட்டாரை ஒலிபெருக்கிப் பெட்டியில் செருகி, எல்லாக் கம்பிகளையும் ஒரு இழு இழுத்தார். சளி பிடித்த மூக்கால் பேசுவதுபோல் ஒரு சத்தம். "நல்லாத்தானே இருக்கு?"

அறைக்குள் படுத்திருந்த அண்ணன் எழுந்தே வந்துவிட்டான். "இதுவா நல்லா இருக்கு? புதுசுல வயரை மாத்தி மாட்டியிருக்கே!"

"கறுப்புன்னா மைனஸ்தானேங்க. இருபது வருஷமா அப்படித்தான் மாட்டறேன்."

"இது உன் ஆஸ்பத்திரி மணி இல்ல. இதுல கறுப்புதான் ப்ளஸ். இங்க பாரு." கிட்டாரைப் பிடுங்கி மடியில் வைத்தான். ஒரு பிக்கப்பை மட்டும் போட்டு வாசித்தான், கணீரென்றது. மற்றதும் அப்படியே. இரண்டையும் சேர்த்தால் மூக்கடைப்பு. "ஒண்ணை ஒண்ணு அமுக்குது, கேக்குதா?" மறுபடி வாசித்துக் காட்டினான். மறுபடியும்.

நிரூபிக்கிற வேகத்தில் அந்த இரண்டு விரல்களும் கம்பி மேல் ஓடுவதை அவன் கவனிக்கவில்லை. அண்ணி கவனித்தார். எனக்கே கண் கலங்கியது, அவரைச் சொல்லவேண்டுமா.

கதவு தட்டும் சத்தம். பெயிண்டர்.

"குடுங்க, வயரை மாத்திக் குடுத்தனுப்பிடறேன்," என்றார் அண்ணி.

அண்ணன் அப்போதுதான் தன் விரல்களைப் பார்த்தான். கிட்டாரைத் தரவில்லை.

"வயரை அப்புறம் மாத்திக்கலாம். அவரை உள்ள வந்து உக்காரச் சொல்லு. ஒரு பாட்டு கேட்டுட்டுப் போகட்டும்."