சூடு தெரியாத லைட்டு

எங்க வீட்டுக்குப் பேத்தி வந்திருக்கா. மூக்கு அப்படியே என் மூக்கு, பாவம். பார்க்கிறவங்களை எல்லாம் நிறுத்தி வச்சு சொல்லிட்டுத் திரியறேன். ஆனா அவளுக்கு இன்னொரு தாத்தா இருக்கார், என் மருமகளைப் பெத்தவர். அவரைப் பத்திச் சொல்லாம இருக்க முடியல.

என் சம்பந்தி துணி தேய்க்கிறவர். தெருவே அவரை ‘மடிப்பு’ன்னுதான் கூப்பிடும். அவர் தேய்ச்ச சட்டையில மடிப்பு அப்படி நிக்கும். விரலை நாக்குல நனைச்சு இஸ்திரிப்பெட்டி அடியில ஒரு தட்டு தட்டுவார். அந்தச் ‘சொய்’ சத்தத்துலயே சூடு போதுமா போதாதான்னு சொல்லிடுவார். பொண்டாட்டி போன பிறகு, நின்ன இடத்துல நின்னே பொண்ணை ஆளாக்கினார்.

நின்னு நின்னு, சர்க்கரையும் சேர்ந்து, ஒரு பாதத்துல உணர்ச்சியே போச்சு. அடியில புண்ணு வந்து ஆறவே இல்ல. மருந்து வச்சுக் கட்டினாங்க, கூடவே லேசர் வைத்தியமும் ஆரம்பிச்சாங்க. துணைக்கு நான் போவேன். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, புண்ணு மேல சிவப்பு வெளிச்சம் காட்டுவாங்க.

“என்ன சம்பந்தி, மாப்பிள்ளைக் களை வந்துடுச்சே!”

“பொண்ணு பாருங்க, நான் ரெடி.”

அப்போ என் மருமக மாசமா இருந்தா. அவருக்கு ஒரே ஆசைதான். பேரப்பிள்ளையை ஆஸ்பத்திரியிலேர்ந்து தானே தூக்கிட்டு நடந்து வரணும்.

புண்ணு ஓரத்துல புதுத் தோல் ரோஸ் கலர்ல கட்ட ஆரம்பிச்சுது. லைட்டு வைக்கிற சிஸ்டர் பாதத்துக்கு அடியில முகம் பார்க்கிற கண்ணாடியைப் புடிச்சுக் காட்டினாங்க. அவருக்கு நம்பிக்கை வரல.

“சூடே இல்லையேம்மா, லைட்டு எரியுதா?”

“இது சூடு குடுக்கிறது இல்லப்பா. வெளிச்சம்தான் வேலை செய்யும். கொஞ்சம் பொறுங்க.”

வெளியே வந்ததும் முனகினார். “சூடு படாம எது சம்பந்தி நேராகும்?” நான் சிரிச்சேன்.

பிரசவம் நெருங்க நெருங்க மனுஷனுக்கு இருப்புக் கொள்ளல. சீக்கிரம் ஆறட்டும்னு இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கி, துணியில சுத்தி, அது மேல பாதத்தை வச்சிருக்கார். விரலால தொட்டுப் பார்த்துட்டுத்தான் வச்சாராம். காலமெல்லாம் பெட்டி தொட்ட விரல், அதுக்கு எல்லாச் சூடும் இதம்தான். பாதத்துக்கோ ஒண்ணுமே தெரியல. மறுபடி போனப்போ சிஸ்டர் கட்டைப் பிரிச்சாங்க. வந்த தோல் மொத்தமும் வெந்து கிடந்துது. அவங்க லைட்டைப் போடவே இல்ல, ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிட்டு வந்தாங்க.

சீழ் உள்ள ஏறி, கணுக்காலுக்கு மேலயே காலை எடுக்கவேண்டியதாப் போச்சு.

அவர் கீழ் வார்டுல படுத்திருக்க, பேத்தி அதே ஆஸ்பத்திரி மாடியில பொறந்தா. வீட்டுக்குக் கிளம்பற அன்னிக்கு அவளைத் தூக்கிட்டு நேரா அவர் கட்டிலுக்குப் போனேன்.

“புடிங்க சம்பந்தி.”

கையைப் போர்வைக்குள்ள இழுத்துக்கிட்டார். “வேணாம். இந்தக் கைக்குச் சூடு எது, இதம் எதுன்னு தெரியல. பச்சப் புள்ள.”

பேத்தி துணியை உதைச்சு ஒரு காலை வெளிய நீட்டினா. குனிஞ்சு, அந்தப் பாதத்தை அவர் கன்னத்துல வச்சேன். கண்ணை மூடிக்கிட்டார்.

“சூடா இருக்கு சம்பந்தி”ன்னார். “தெரியுது.”

அப்புறம் நான் அவளைத் தூக்கிட்டு வீட்டுக்கு நடந்தேன்.