மாமனார் பேர்

எழுபத்திரண்டு வயதுவரை புருல்சா தன் மாமனார் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளுடைய கிர்கிஸ் மலையூர் நாரினில் மருமகள்கள் அப்படிச் சொல்வதில்லை. கோசுபெக் என்ற அவர் பேரில் வரும் ‘கோசு’வுக்கு அவர்கள் மொழியில் ஆட்டுக்குட்டி என்று அர்த்தம். அதனால் குட்டியைக்கூட ‘கத்துற சின்னது’ என்றே சொல்லிக் காலம் தள்ளினாள்.

அவரை 1937இல் அரசாங்கத்துக்கு எதிரி என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. குழிகூடக் கிடையாது. எங்காவது அவர் பேரை எழுதி வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவள் புருஷன் சாகும்வரை மனுப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெற்றவர்களோடு பீட்டர்ஸ்பர்க் போனபோது, அருங்காட்சியகத்தின் மூன்றாவது கூடத்தில், ஒரு பழைய புகைப்படத்தில் அவரே நின்றார். கையில் கழுகு, அது கொத்திப் பாதியாகிப்போன இடது காது. வீட்டுச் சுவரில் ஐம்பது வருஷம் பார்த்த அதே முகம். கீழே, ‘பெயர் தெரியாத கிர்கிஸ் வேட்டைக்காரர்’.

இது தன் மாமனார் என்றாள் புருல்சா. சுற்றிக் காட்டிய பெண் பரபரப்பாகி, பேரைச் சொன்னால் இன்றே பதிந்துவிடுவதாகச் சொன்னாள்.

பாழாய்ப்போன நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இப்படிப்பட்ட நேரத்தில் பக்கத்திலிருக்கும் ஆண்பிள்ளையைச் சொல்லச் சொல்வதுதான் ஊர் வழக்கம். குழுவில் அவள் ஊர்க்காரர் ஒருவர்தான், பழைய கூட்டுப்பண்ணைத் தலைவர் அசனாலி.

“அண்ணே, உங்களுக்குத் தெரியுமே. நீங்க சொல்லுங்க.”

கோசுபெக்கைக் காட்டிக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டது அசனாலியின் அப்பன்தான். ஊருக்கே தெரியும், யாரும் பேசுவதில்லை. அசனாலி படத்தைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், சுத்தமான ரஷ்ய மொழியில் தன் அப்பன் பேரைச் சொன்னார். கிழவிக்குக் கண் மங்கிப்போச்சு, இது தன் அப்பா என்றும் சேர்த்துச் சொன்னார்.

புருல்சா இல்லையென்று தலையாட்டினாள். பைக்குள் பேனா தேடினாள். அதற்குள் அந்தப் பெண் எழுதி முடித்து, அசனாலியின் கையைக் குலுக்கிவிட்டு அடுத்த கூட்டத்தை அழைத்துப் போய்விட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எல்லோரையும் கீழே இறக்கினார்கள்.

பஸ்ஸில் அசனாலி முன் இருக்கையிலிருந்து திரும்பினார். “செத்து எழுபது வருஷம் ஆச்சு. யார் பேரா இருந்தா என்ன, தங்கச்சி?”

அப்போதுதான் அவளுக்கு வாய் திறந்தது.

“கோசுபெக்” என்றாள். இன்னொரு தடவை, என் மாமனார் கோசுபெக் என்று உரக்கவே சொன்னாள்.

பஸ் நெவா ஆற்றுப் பாலத்தைத் தாண்டிவிட்டிருந்தது. பின்னாலிருந்த கிர்கிஸ் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

“இந்த வயசுல மாமனார் பேரைச் சொல்றாளே, வெக்கங்கெட்டவ.”