பிரம்பைப் பிடுங்கிய அஞ்சலை

பாலோவிலிருந்து வந்த லாரிக்காரர்தான் வகுப்பு வாசலில் நின்று சொன்னார்.

"வாத்தியாரே, உங்க பழைய தோட்டத்து அஞ்சலை போயிட்டாங்க. காய்ச்சல். மூணே நாளு."

கையிலிருந்த சுண்ணக்கட்டியை நொறுக்கிவிட்டேன். ஆத்திரம் வந்தால் என் கை சும்மா இருக்காது. அந்தக் குணத்தை நேருக்கு நேர் தட்டிக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அவரோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டிய உங்களுக்கு அவருடைய சிரிப்பு நினைவிருக்கும். எனக்கோ, அவரிடம் நான் வாங்கிய அடிதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அப்போது அந்தத் தோட்டப் பள்ளிக்கு நான் ஒருவனே வாத்தியார். ஏழு மணிக்கு மணியடிப்பேன். பிந்தி வரும் பிள்ளைக்கு இரண்டு உள்ளங்கையிலும் பிரம்படி. காரணம் கேட்டதே இல்லை. அஞ்சலையின் மகள் பாக்கியத்துக்கு ஒன்பது வயது. ஒரு மாதமாக எட்டு மணிக்கு மேல்தான் வந்தாள். வந்ததும் தானே கையை நீட்டுவாள். திமிர் என்று நினைத்து விளாசினேன். சீ, இதை எழுதும்போதுகூட என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஒரு நண்பகல், வேலை முடிந்து பால்வாளியோடு பள்ளிக்குள் நுழைந்தார் அஞ்சலை. மகளின் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். கோடு கோடாகக் கன்றிப்போயிருந்தது.

"இது கங்காணி அடிச்சது. நாங்க காட்டுக்குள்ள போனதும், பள்ளிக்கூடம் வர்ற பிள்ளைங்கள மறிச்சு, மரத்துல உறைஞ்சு கிடக்குற கட்டிப்பால் பொறுக்க விடுறான். மெதுவா பொறுக்குனா முதுகுல அடி. அங்கிருந்து ஓடியாந்தா உங்ககிட்ட கையில அடி. வெளிய சொன்னா ஆத்தாளுக்கு வேலை போயிடும்னு மிரட்டி வச்சிருக்கான்."

சொல்லி முடித்ததும் பிரம்பைப் பிடுங்கி என் முன்கையில் ஓங்கி ஓர் அடி வைத்தார். நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வலிக்குதா? பிந்தி வந்த பிள்ளைய அடிக்கிறதுக்கு முன்னால, யாரு புடிச்சு வச்சதுன்னு கேளுங்க."

பால் வெட்டுகிறவள் வாத்தியாரை அடிப்பதா! அவரைத் தோட்டத்தைவிட்டே விரட்டும்படி துரைக்கு மனு எழுதினேன். மறுநாள் விடியலில் அதை எடுத்துக்கொண்டு பெரட்டுக் களத்துக்குப் போனேன். ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் இடம் அது, துரையும் வருவார்.

அங்கே பெரியவர்களின் வரிசைக்கு எதிரே இன்னொரு வரிசை நின்றது. எல்லாம் பிள்ளைகள், கையில் சிலேட்டு. அஞ்சலை, தோட்டத்துக் கணக்கரான கிராணியைப் போலவே உரக்கப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பாக்கியம்!"

"இருக்கேன்!"

கங்காணி பாய்ந்து வந்தான். "பெரட்டு வைக்க நீ யாருடி?"

தடி அவர் நெற்றியில் இறங்கியது. இரத்தம் கண்ணை மறைத்தது. அவர் துடைக்கக்கூட இல்லை. அடுத்த பேரைக் கூப்பிட்டார். தோளில் இன்னோர் அடி. மறுபடியும் அடுத்த பேர். மூன்றாவது அடிக்கு அவன் ஓங்கியபோது பாக்கியம் அவன் கையைக் கடித்துத் தொங்கினாள். அவளைக் கீழே உதறி, வயிற்றில் உதைத்தான். அதற்குமேல் எனக்குக் கண்மண் தெரியவில்லை. அவன் மேல் விழுந்து அடித்தேன். என் முன்பல் ஒன்று அங்கேதான் போனது.

துரை வந்து விலக்கிவிட்டார். என் கையில் கசங்கிக் கிடந்த தாளைக் காட்டி, அது என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று கிழித்துப் போட்டேன். வாயில் இரத்தம் வழிய, பிள்ளைகளின் கதையைச் சொன்னேன். பள்ளி விடும்வரை ஒரு பிள்ளையும் காட்டுக்குள் இருக்கக் கூடாது என்று அங்கேயே உத்தரவானது. கங்காணியின் வேலை போகவில்லை. தோட்டத்து நியாயம் அவ்வளவுதான்.

அஞ்சலை மறுநாளும் தலையில் கட்டோடு பிள்ளைப் பெரட்டு வைத்தார். "அடி நெத்தியிலதானே வாத்தியாரே, வாயில இல்லையே" என்றார். பேர் கூப்பிட்டு முடித்ததும், வழியில் யாரும் மறிக்காதபடி பிள்ளைகளை என்னிடம் ஒப்படைப்பார். நான் வரிசையாகப் பள்ளிக்கு அழைத்துப் போவேன். நான் இந்த ரெங்கம் தோட்டத்துப் பள்ளிக்கு மாற்றலாகி வரும்வரை அது ஒருநாளும் தவறவில்லை. பாக்கியமும் பிந்தவில்லை.

பிரம்பு அன்றோடு போயிற்று. அவர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்த ஒரு கேள்விதான்.

அவர் இறந்த செய்தி வந்த மறுநாள், இங்கே புதிதாகச் சேர்ந்த சிறுமி ஒருத்தி ஒரு மணி நேரம் பிந்தி வந்தாள். வந்ததும் கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"யாரும்மா புடிச்சு வச்சது?"

அவள் ரப்பர் காட்டைத் திரும்பிப் பார்த்தாள். "அங்க இன்னும் நாலு பேரு இருக்காங்கய்யா."

நால்வரின் பேரையும் கேட்டுக்கொண்டு நடந்தேன். காட்டுக்குள் நுழைந்ததும், அஞ்சலையைப் போலவே உரக்க, ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டேன்.