துணியை விலக்கிய கருத்தப்பாண்டி

கருத்தப்பாண்டி கடைசிவரை ஏட்டு ஆகவில்லை. கான்ஸ்டபிளாகச் சேர்ந்து கான்ஸ்டபிளாகவே வீட்டுக்குப் போனார். ஆனாலும் வண்டிப்பெரியார் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஜனங்களுக்கு அவர் ஏட்டையாதான். சர்க்கார் கொடுக்காததை ஜனங்கள் கொடுத்துவிட்டார்கள். அவரும் மறுக்கவில்லை, அப்படிக் கூப்பிட்டால் மீசையைத் தடவிக்கொள்வார். சொந்த ஊர் செங்கோட்டை. அந்தக் காலத்தில் செங்கோட்டையும் திருவிதாங்கூர் சீமையைச் சேர்ந்தது என்பதால், உத்தியோகம் அவரைத் தூக்கி மலைமேல் போட்டுவிட்டது.

குமுளிக்குப் போகிற ரோட்டில் ஒரு குறுகலான வளைவு. எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை. அங்கே ஒரு தகரக் கொட்டகை போட்டு, கையில் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் கொடுத்து இவரை நிறுத்தி வைத்திருந்தார்கள். மேலேயிருந்து லாரி இறங்கினால் கீழேயிருந்து ஏறுகிற மாட்டுவண்டியை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் மலையில் பாதி வருஷம் மூடுபனி. பனிக்குள் சிவப்பு என்ன, பச்சை என்ன? கொடியை இடுப்பில் செருகிக்கொண்டு விசிலை ஊதியபடி ரோட்டில் நடப்பார். அப்படியும் வண்டிகள் கவிழும்.

கவிழ்ந்தால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. விழுந்து பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறவர் முகத்தை உடனே துணியால் மூடிவிடுவார்கள். தலைமாட்டில் ஒரு கல்லை வைப்பார்கள். அகாலமாகப் போகிறவரின் கண் கடைசியாக யாரைப் பார்க்கிறதோ, அவர் பின்னாலேயே ஆவி வீடுவரை வந்துவிடுமாம். மூடிய துணியை அப்புறம் யாரும் விலக்கக் கூடாது. விலக்கினால், காலியாகக் கிடக்கிற கூட்டுக்குள் வேறொன்று புகுந்து உட்கார்ந்துகொள்ளும் என்பார்கள். போதாக்குறைக்கு மேலதிகாரி உத்தரவு வேறு: நடந்த இடத்தை அளந்து, சாட்சி வாங்கி மகஜர் எழுதி முடிக்கிறவரை பிரேதத்தை அசைக்கக் கூடாது. கிடப்பது பிரேதம்தானா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

கருத்தப்பாண்டியும் கேட்கவில்லை. அவர் வந்த முதல் வருஷம் சுடலை என்கிற வண்டிக்காரர் வண்டியோடு பள்ளத்தில் சரிந்தார். இவர் இறங்கிப் போவதற்குள் முகத்தில் துணி விழுந்தாயிற்று, கல்லும் வைத்தாயிற்று. கயிறு பிடித்து அளந்தார். ரோட்டிலிருந்து சக்கரம் எத்தனை அடி, சக்கரத்திலிருந்து பிரேதம் எத்தனை அடி. குனிந்து அளக்கும்போது எங்கேயோ தண்ணீர் கொப்புளிக்கிற சத்தம் கேட்டது. பக்கத்தில் ஓடை இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதினார். அரை மணி கழித்து எஸ்டேட் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர் ஏசுதாஸ் வந்து, சுடலையின் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

"இந்தாளு இப்பதான்யா போயிருக்காரு. கழுத்து இன்னும் சுடுது. வாய் நெறைய ரத்தம், பாருங்க. ஒருக்களிச்சுப் படுக்க வச்சிருந்தா வெளிய வந்திருக்கும், பொழச்சிருப்பாரு."

கருத்தப்பாண்டி பள்ளம் முழுக்கத் தேடிப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் ஓடை எதுவும் இல்லை.

அதற்கப்புறம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏசுதாஸிடம் போய் உட்கார்ந்துகொண்டார். ரத்தம் பீறிட்டால் எங்கே அழுத்துவது, எலும்பு முறிந்தால் எதை வைத்துக் கட்டுவது, மூச்சு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகக் கற்றார். இனி என் வளைவில் ஒருத்தர்கூட துணிக்குள் உயிரோடு கிடந்து சாகக் கூடாது என்று மனசுக்குள் சபதம் எடுத்தார். அன்றுமுதல் எங்கே வண்டி கவிழ்ந்தாலும் முதல் வேலையாகக் கல்லை உதைத்துத் தள்ளிவிட்டுத் துணியை விலக்குவார். ஜனங்களுக்கு அவரைக் கண்டால் உள்ளூர உதறல். டீக்கடைக்காரர் தம்ளரைப் பலகையில் வைத்துவிட்டு நாலடி விலகிக்கொள்வார். செத்தவர் கண்ணை அத்தனை பார்த்த மனுஷர் அல்லவா, அவர் பின்னால் எத்தனை பேர் நடந்து வருகிறார்களோ என்று பேசிக்கொண்டார்கள். நல்லது செய்கிறவனுக்கு ஊர் கொடுக்கிற மரியாதை எப்போதும் இந்த லட்சணம்தான்.

கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பத்தாம் வருஷம், இங்கிலீஷ் கணக்கில் 1935. கர்க்கடக மாதம், நம் ஆடி. பிற்பகல் மூன்று மணி இருக்கும். ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கிய தோட்டத்து லாரி ஒன்று வளைவின் மறுமுனையில் புரண்டது. பனிக்குள் அந்தச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரியாமல் கருத்தப்பாண்டி கொஞ்ச தூரம் எதிர்த்திசையில் ஓடிவிட்டார். திரும்பி வந்து சேரும்போது, தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து ஜனங்கள் இறங்கி வந்து எல்லாவற்றையும் முடித்திருந்தார்கள். ரோட்டோரத்தில் வரிசையாக ஐந்து பேர். ஐந்து முகத்திலும் துணி, ஐந்து தலைமாட்டிலும் கல். ஆட்கள் தள்ளி நின்றார்கள். பனியில் அவர்களுடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன. யாரும் அழவில்லை.

ஒரு ஆளை ஏசுதாஸிடம் ஓடவிட்டு, துணிகளை விலக்கத் தொடங்கினார். முதல் ஆள் போய்விட்டார். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. நாலாவது துணிமேல் கை வைத்ததும் ஒரு பெண் ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். கொழுந்து பறிக்கிற அழகுத்தாய். படுத்திருந்தது அவள் புருஷன் பெரியமுத்து.

"வேண்டாம் ஏட்டையா, தொறக்காதீக! போனவுக போனவுகளாவே இருக்கட்டும். வேற எதுவும் அவுக மூஞ்சிய மாட்டிக்கிட்டு என் வீட்டுல வந்து நிக்க வேண்டாம்."

கையை உதறிவிட்டுத் துணியை எடுத்தார். பெரியமுத்துவின் கண்கள் திறந்திருந்தன. இமை அசைந்தது.

அரையில் கட்டியிருந்த வேட்டி தெப்பமாக நனைந்திருந்தது. தொடை இடுக்கில் வெட்டு. ரத்தம் விட்டுவிட்டுப் பொங்கியது. கட்டுப் போட முடியாத இடம். முஷ்டியை வைத்து உடம்பு பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினார். பொங்குவது நின்றது. கையை எடுத்தால் ஆள் போய்விடுவார். ஏசுதாஸ் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். வரிசையில் இன்னும் ஒரு துணி பாக்கி இருந்தது. பக்கத்து லயத்துச் சாந்தம்மாள்.

அப்போது பெரியமுத்து வாயைத் திறந்தார். குரல் அவருடையதாகவே இல்லை, எங்கோ அடியிலிருந்து வந்தது.

"பக்கத்துல கெடக்கவ மூச்சு விடுதா. துணிக்குள்ள கெடக்கும்போதே எனக்குக் கேட்டுது."

பனிக்குள் தெரிந்த கால்கள் எல்லாம் ஒரே சமயத்தில் பின்வாங்கின. செத்துக் கிடந்த ஒன்று, செத்துக் கிடக்கும் இன்னொன்றுக்காகப் பேசுகிறது! யார்தான் நிற்பார்கள்? கருத்தப்பாண்டி காதைக் கொடுத்துக் கேட்டார். தண்ணீர் கொப்புளிக்கிற சத்தம். பக்கத்தில் ஓடை இல்லை என்பது இந்தத் தடவை நன்றாகவே தெரியும்.

"அந்தத் துணிய எடுங்கடா! எடுத்து அந்தப் பிள்ளைய ஒருக்களிச்சு விடுங்க, அது போதும்!"

ஒருவரும் அசையவில்லை. கெஞ்சினார், திட்டினார், எல்லாரையும் ஜெயிலில் தள்ளுவேன் என்றார். காலை நீட்டிப் பார்த்தார். பூட்ஸ் முனை தலைமாட்டுக் கல்லைத் தொட்டது. துணிக்கு இன்னும் ஒரு சாண் தூரம். அந்த ஒரு சாணுக்காக அவர் அன்று அழுதேவிட்டார்.

"தாயி, நீ வா. என் கை இருக்க எடத்துல ஒன் ரெண்டு கையையும் வச்சு அமுக்கு. நான் போயி அவளத் திருப்பிட்டு வந்துருதேன்."

அழகுத்தாய் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் வெளுத்துப்போய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. "அழகு," என்றது. அவள் இரண்டடி பின்னால் போனாள்.

"இது அவுகதானான்னு நான் எப்படிக் கண்டேன்?" என்றாள். "அவுகன்னா சொல்லட்டும். பொறந்த மூணாம் நாளே போச்சே நம்ம மக, அதுக்கு என்ன பேரு வச்சோம்?"

அந்தப் பேர் இவர்கள் இருவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பெரியமுத்துவின் கண் மூடியது. கருத்தப்பாண்டி தோளால் அவர் விலாவை இடித்து, "சொல்லுமய்யா, சொல்லும்," என்றார். கொப்புளிக்கிற சத்தம் விட்டு விட்டு வந்தது. ரொம்ப நேரம் கழித்து உதடு பிரிந்தது.

"பூமாரி."

அழகுத்தாய் பாய்ந்து வந்து மண்டியிட்டாள். அவர் முஷ்டி இருந்த இடத்தில் தன் கைகளை வைத்து அழுத்தினாள். கருத்தப்பாண்டி புரண்டு போய் ஐந்தாவது துணியைப் பிடுங்கினார். சத்தம் அதற்குள் நின்றுபோயிருந்தது. சாந்தம்மாளை ஒருக்களித்துத் திருப்பினார், முதுகில் தட்டினார், வாயில் விரலை விட்டு வழித்தார். ஒன்றும் ஆகவில்லை. கையிலிருந்த துணி மேல்பக்கம் பனியில் சில்லிட்டிருந்தது. உள்பக்கம் வாய் பட்ட இடம் ஈரமாக, இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

பெரியமுத்து பிழைத்தார். கால் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் மகஜரை எடுத்துக்கொண்டு கருத்தப்பாண்டி லயத்துக்குப் போனார். சாட்சி என்று அழகுத்தாயின் கைநாட்டு வேண்டும். எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினார். நான் திசை தப்பி ஓடித் தாமதமாக வந்தபடியால் சாந்தம்மாள் இறந்துபோனாள் என்று கடைசி வரி.

"பொய்யி," என்றாள் அழகுத்தாய். "நாந்தான் பக்கத்துல வராம நின்னு கேள்வி கேட்டேன். அத எழுதுங்க."

"அத எழுதுனா ஊரு ஒன்னய விடுமா? திசை தப்பி ஓடுனது நெசந்தான தாயி. கைய வையி."

அவள் வெகுநேரம் விசும்பிவிட்டுத்தான் பெருவிரலை நீட்டினாள். போலீஸ் தலையில் பழி விழுகிற அந்தக் கடைசி வரியை மாற்றி எழுதச் சொல்லி இன்ஸ்பெக்டர் இரண்டு தரம் திருப்பி அனுப்பினார். இவர் மாற்றவில்லை. ஏட்டு உத்தியோகம் அதோடு போயிற்று.

அடுத்த மழைக்காலத்தில் பாரம் ஏற்றிய வண்டி ஒன்று அதே வளைவில் சரிந்தது. கருத்தப்பாண்டி விசிலை ஊதிக்கொண்டு ஓடினார். எப்போதும்போல ஜனங்கள் முந்திக்கொண்டு வந்து பனிக்குள் தள்ளி நின்றார்கள். கீழே கிடந்தது மூன்று பேர். ஒரு முகத்திலும் துணி இல்லை. மூன்று முகமும் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தன. உருட்டித் தள்ளிய கற்கள் ரோட்டில் கிடந்தன. பிடுங்கிய துணிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நடுவில் கிடந்த வண்டிக்காரரின் நெஞ்சில் காதை வைத்து அழகுத்தாய் குனிந்திருந்தாள். இவரைக் கண்டதும் கையை உயர்த்தினாள்.

"சத்தம் போடாதீக ஏட்டையா. சாந்தம்மா சத்தம் கேக்குது."

அவர் மறுபக்கம் மண்டியிட்டார். இருவருமாகத் தோளையும் இடுப்பையும் பிடித்து அந்த மனுஷரை ஒருக்களித்துத் திருப்பினார்கள். வாயிலிருந்து ரத்தம் கட்டியாய்க் கொட்டியது. அப்புறம் அவர் இருமினார்.