மந்திரித்த பிஸ்டல்

என் அப்பா ஒரு கோழை. பிஸ்டல் வைத்திருந்த கோழை.

இதை நான் ஒளித்துச் சொல்லவில்லை. வருகிற மாதம் எனக்குக் கல்யாணம். அதற்கு அவர் யாழ்ப்பாணத்திலிருந்து மொன்றியலுக்கு வருகிறார். அம்மாதான் கூப்பிட்டார். மண்டபத்தில் தானும் மைக் பிடித்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று அப்பா கேட்டிருக்கிறாராம். நல்லது. பேச விஷயமில்லாமல் தடுமாறக் கூடாதே என்று நான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கத்தோலிக்கக் கோவில் பங்கு ஆட்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். தமையன் ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவருடைய பிஸ்டலைக் கள்ளமாகக் கொடுத்துக் கார் வாங்கியவர் என் சித்தப்பா என்பார்கள். ஞாயிறு பூசை முடிந்து, கோவில் கீழ்த்தளத்தில் ஒரு கையில் பற்றீசும் மறு கையில் தேத்தண்ணியுமாக நின்று இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே மினுக்கி வைத்திருக்கிறார்கள். நானும் அதைத்தான் நம்பி வளர்ந்தேன்.

அப்போது நாங்கள் சென்ட் லோரன்டில் வாடகை பிளாட்டில் இருந்தோம். அப்பாவுக்கு விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அங்கே அவரோடு வேலை செய்த ஒரு பிரெஞ்சுக்காரர் வேட்டைக்காரர். பெரிய மீசை. அவரை நாங்கள் முசியே என்றுதான் கூப்பிடுவோம். அவர்தான் அப்பாவுக்குப் பிஸ்டல் ஆசையை ஊட்டினார். அதற்கு ஒரு வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். அப்பா பிரெஞ்சில் எழுதப் போவதாகச் சொன்னார். ஏனென்று யாருக்கும் தெரியாது. கடையில் பால் வாங்குகிற அளவு பிரெஞ்சுகூட அவருக்கு ஒழுங்காக வராது.

அதனால் நான்தான் அவருக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேசையில் அவருக்கு எதிரே இருந்து கேள்விகளைப் பிரெஞ்சில் வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வார். பிழைவிட்டால் நான் கரண்டியால் மேசையில் தட்டுவேன். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: துவக்கின் முனை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? ஆளில்லாத பக்கம். அதை மட்டும் அவர் ஒரு நாளும் பிழைவிட்டதில்லை. என் வாழ்நாளில் அப்பா எனக்கே எனக்கென்று இருந்தது அந்த மேசையில்தான்.

பாஸ் பண்ணினார். பிஸ்டல் வந்தது. அம்மா எட்டி நின்று பார்த்துவிட்டு, "கரப்பான் பூச்சிக்கே என்னைக் கூப்பிடுற மனுசன். இது இப்ப ஆரைச் சுட?" என்றார். அப்பா சிரித்தார். "ஊரிலை ஆமிக்காரனும் நீட்டினான், இயக்கப் பெடியளும் நீட்டினாங்கள். ஒருக்கா நானும் பிடிச்சுப் பாக்கட்டன்."

பிடித்துப் பார்த்ததோடு சரி. முசியே அவரை ஒருமுறை சுடும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். காது வலிக்குது என்றார். சுட்டால்தானே காது வலிக்கும் என்று அம்மா கேட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் முழுகிவிட்டு வந்து, பழைய சாரத் துண்டில் எண்ணெய் தொட்டு அதைத் துடைப்பார். எங்கள் பிளாட்டில் ஆளில்லாத பக்கம் என்று ஒன்று கிடையாது. மேலே ஒரு லெபனான்காரக் குடும்பம், கீழே ஒரு ஹெயிட்டிக் கிழவர், இரண்டு பக்கமும் ஆட்கள். முனையை எங்கே திருப்புவது என்று தெரியாமல் அப்பா கதிரையோடு சுற்றுவார். கடைசியில் யன்னலுக்கு வெளியே தெரிகிற வானத்தைப் பார்க்க வைத்துத் துடைப்பார். சனிக்கிழமை என்றால் எனக்கு அந்த எண்ணெய் மணம்தான்.

அந்த வருடம் சுவாமியார் வீடு மந்திரிக்க வந்தார். எங்கள் ஆட்கள் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிப்பதை மந்திரிப்பது என்பார்கள். வீட்டில் பெறுமதியானதை எல்லாம் மேசையில் எடுத்து வைப்பது வழக்கம். அம்மா தாலிக்கொடியையும் அரிசியையும் உப்பையும் வைத்தார். அப்பா அறைக்குள் போய்ப் பிஸ்டல் இருந்த இரும்புப் பெட்டியைத் தூக்கி வந்து நடுவில் வைத்தார். அம்மா கண்ணால் எரித்துப் பார்த்தார். சுவாமியார் பெட்டிக்குள் என்ன என்று கேட்கவில்லை. அதற்கு மேலேயும் தாராளமாகத் தெளித்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

பிறகு ஊரில் சமாதான காலம் வந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்தது. எல்லோரும் போனார்கள், அப்பாவும் போனார். பெட்டியைப் பூட்டி, திறப்பை மாதாவின் சுருவச் சிலைக்குப் பின்னால் கொழுவினார். என் தலையில் கை வைத்து, "சினோ கொட்ட முதல் வந்திடுவன், குஞ்சு" என்றார்.

பனி கொட்டியது. கரைந்தது. திரும்பவும் கொட்டியது. அப்பா முதலில் கிழமைக்கு ஒருக்கால் போன் எடுத்தார், பிறகு மாதத்துக்கு ஒருக்கால், பிறகு வருடத்துக்கு ஒருக்கால் நத்தாருக்கு. காணிப் பிரச்சினை என்பார், தகப்பனுக்குச் சுகமில்லை என்பார். நான் நாளும் பள்ளிக்கூடத்தால் வந்து மாதாவுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பேன். திறப்பு அங்கேயே இருக்கும். திறப்பு இருந்தால் பெட்டி இருக்கிறது, பெட்டி இருந்தால் அப்பா வருவார். அது என் கணக்கு. அம்மா வேலையால் வருவதற்கு முன் அலுமாரிக்குள் ஊர்ந்து போய்ப் பெட்டியின் விளிம்பில் மூக்கை வைப்பேன். நெடுநாள் அந்த மணம் இருந்தது. பிறகு வெறும் இரும்பு மணந்தது. அதற்குப் பிறகும் நான் மூக்கை வைத்தேன்.

சித்தப்பா ஞாயிறுகளில் வருவார். கல்யாணம் முடிக்காதவர். நோத்ர-டாம்-த-கிரேஸில் வேறு பெடியன்களோடு ஓர் அறையில் இருந்தார். ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவாமலே பேச்சை எடுத்தார். லைசென்ஸ் முடியப் போகிறது, ஆள் இல்லாமல் புதுப்பிக்க ஏலாது, பொலிஸ் வந்தால் என்ன செய்வது?

"அவர் வந்து முடிவெடுக்கட்டும்," என்றார் அம்மா.

"அண்ணி, தமிழ் வீட்டிலை துவக்கெண்டா அவங்கள் என்னத்தை நினைப்பாங்கள்? வித்துப்போட்டு நிம்மதியா இருங்கோ."

"மந்திரிச்ச சாமானை விக்கக் கூடாது, தம்பி. பாவம்."

"துவக்கை மந்திரிச்சது பாவமில்லையோ?"

"அது சுவாமிக்குத் தெரியாதுதானே."

சித்தப்பா சிரித்த சிரிப்பில் மேலே லெபனான்காரர் தட்டினார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்ப விக்க வேண்டாம். மாத்துவம்" என்றார். முசியேயிடம் ஒரு பழைய சிவப்புக் கார் சும்மா நிற்கிறது, சினோ டயரோடு தருவார். அம்மாவும் குளிருக்குள் பஸ்ஸுக்கு நிற்கத் தேவையில்லை.

அம்மா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போன இடத்தில் சுவாமியாரைக் கேட்டார். மந்திரித்த ஒரு சாமானைக் காசில்லாமல் கைமாற்றலாமா? என்ன சாமான் என்று சொல்லவில்லை. சுவாமியார் அது ஏதோ பழைய சுருவம் என்று நினைத்திருக்க வேண்டும். மரியாதையாக வைத்திருக்கக் கூடியவருக்குக் கொடுத்தால் குற்றமில்லை என்றார்.

அந்தப் பேச்சு நடந்த அன்றைக்கு நான் ஒன்றுதான் கேட்டேன். "அப்ப சனிக்கிழமையிலை அப்பா என்னத்தைத் துடைக்கிறது?" அம்மா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தன் கையைப் பார்த்தார். சோறு காய்ந்து போயிருந்தது.

முசியே வந்ததும் ஒரு சனிக்கிழமை காலைதான். கீழே கார் நின்றது. அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குசினி மேசையில் இருந்தார். சித்தப்பா திறப்பை எடுக்கவில்லை. எதற்கோ காத்துக்கொண்டு நின்றார். அவருடைய செல்போன் அடித்தது. எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். அந்தக் குளிரில், மேலங்கிகூட இல்லாமல். நான் யன்னலடியில் நின்றேன். கண்ணாடி வழியே அரைகுறையாகக் கேட்டது. "சொல்லீட்டியளோ? ... அப்ப குடுக்கட்டோ?" பிறகு நிறைய நேரம் போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "இஞ்சைதான் நிக்கிறாள். குடுக்கட்டோ?" என்றார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

உள்ளே வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. கண்ணும் மூக்கும் நனைந்திருந்தன. ஆர் என்று கேட்டேன். "வேலைத்தலத்திலை இருந்து" என்றார். குளிர் என்று முகத்தைத் துடைத்தார். மாதாவுக்குப் பின்னால் கை விட்டுத் திறப்பை எடுத்தார்.

முசியே பிஸ்டலைத் தன் பெட்டிக்குள் மாற்றிக்கொண்டு போனார். அம்மா கார் ஓடப் பழகினார். அப்பா வந்த பிறகு அவர்தானே ஓடுவார் என்று நான் பின் சீற்றிலிருந்து கேட்டேன். "அம்மா பழகட்டும், குட்டி" என்றார் சித்தப்பா. பழக்கியவர் அவர்தான். அதைப் பங்கு ஆட்கள் பார்த்தார்கள். புருசன் இல்லாத வீட்டுக்காரியும் கல்யாணம் முடிக்காத கொழுந்தனும் ஒரே காரில். துவக்கை எடுத்தவன் இனி எதை எடுப்பானோ என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். சித்தப்பா ஞாயிறுகளில் வருவதை நிறுத்தினார். பிறகு ரொறன்ரோவுக்குப் போய்விட்டார். அப்பாவோடு போனில் கதைக்கும்போது பங்கில் இப்படி இப்படிக் கதைக்கிறார்கள் என்று அம்மா அழுது சொன்னது எனக்குத் தெரியும். அப்பா ஒருவருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்கும் பிறகுதான் சண்டை திரும்பத் தொடங்கிப் பாதையைப் பூட்டினார்கள். பாவம், மனுசன் அங்கே மாட்டுப்பட்டுவிட்டார் என்று அதே ஆட்கள் அவருக்காகச் செபமாலை சொன்னார்கள்.

இப்போது நான் பியர்பொன்ட்ஸில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். போன மாரியில் ஒரு கிழவர் மருந்து வாங்க வந்தார். மீசை வெளுத்துவிட்டது. என் சட்டையில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, அப்பாவைச் சுகம் விசாரித்தார். எனக்குச் சித்தப்பா மேல் இருந்த கோபம்தான் முதலில் வந்தது. கள்ளத் துவக்கு வாங்கியவர் நீங்கள்தானே என்று பிரெஞ்சில் கேட்டேன். வரிசையில் ஆட்கள் நின்றார்கள். கேட்டேன்.

முசியே கோபப்படவில்லை. இந்த நாட்டில் சொந்தக்காரன் தன் வாயால் சொல்லாமல் ஒரு பிஸ்டல் கைமாறாது, பிள்ளை, என்றார். உன் அப்பாவே ஊரிலிருந்து துவக்குப் பதிவுக் கந்தோருக்குப் போன் பண்ணிச் சம்மதம் சொன்னார். என்னோடும் பேசினார். எப்போது திரும்பி வருகிறாய் என்று அவரிடம் கேட்டேன். இனி வரமாட்டேன் என்றார். உனக்குத் தெரியாதா, பிள்ளை?

அந்தப் பிஸ்டலை அவரும் சுட்டதில்லையாம். உனக்கு வேண்டுமென்றால் தருகிறேன், ஆனால் பரீட்சை எழுத வேண்டும் என்றார். முதல் கேள்விக்குப் பதில் எனக்கு இன்றைக்கும் பாடம்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "தம்பி அழுதுகொண்டு உள்ளை வந்த அண்டைக்கே எனக்கு விளங்கீட்டுது."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"கொப்பர் சொல்ல வேண்டியதை நான் ஏன் சொல்லுவான்?"

நானாக இருந்த அந்தச் சிறுமி யன்னலடியில் நின்றபோது சித்தப்பா எதைக் கொடுக்கக் கேட்டார் என்று அவளுக்கு விளங்கவில்லை. பிஸ்டலைத்தான் கேட்கிறார் என்று நினைத்தாள். முதல் தரம் கேட்டது பிஸ்டலை. இரண்டாம் தரம் கேட்டது போனை. அப்பா அந்தப் போனுக்குள் இருந்தார். ஒரு கண்ணாடிக்கு அப்பால். பாதை அப்போது திறந்துதான் இருந்தது.

எனக்கு இன்னும் சனிக்கிழமைகளில் அந்த மணம் வேண்டியிருக்கிறது. அதை நினைக்க எனக்கே எரிச்சலாக வருகிறது.

நாங்கள் நின்றது ஆளில்லாத பக்கம் என்று நினைத்துவிட்டீர்களா, அப்பா? ஆள் இருந்தது. மூன்று பேர் நின்றோம்.

சித்தப்பாவை நான் ரொறன்ரோவுக்குப் போய் நேரில் கூப்பிட்டிருக்கிறேன். மண்டபத்தில் முன் வரிசையில் இருப்பார். பங்கு ஆட்கள் எல்லோரும் வருவார்கள். மைக்கைக் கையில் எடுத்ததும் வாழ்த்துச் சொல்ல வேண்டாம், அப்பா. அந்தப் பிஸ்டலைக் கொடுக்கச் சொன்னது யார் என்று முதலில் அவர்களுக்குச் சொல்லுங்கள். அன்றைக்குச் சித்தப்பா போனை என்னிடம் கொடுக்கட்டோ என்று கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று பிறகு எனக்குச் சொல்லுங்கள். அதையும் மைக்கில்தான்.